சோத்தாங்கை

முதலியார்பேட்டையில் 'தராசு அரி' என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர்கூட வழி சொல்லிவிடுவார். முழுப்பெயர் அரிகிருஷ்ணன். மீன் கடை, காய்கறிக் கடை, பழைய இரும்புக் கடை என்று எங்கே எலக்ட்ரானிக் தராசு மக்கர் பண்ணினாலும் போன் இவனுக்குத்தான் வரும். வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்கள் உப்புத் தண்ணீரிலேயே குளிப்பாட்டி வைத்த தராசையும் திறந்து, துருவைச் சுரண்டி, ஒயரை மாற்றி, மறுபடி உண்மை பேச வைத்துவிடுவான். பொய் பேச வைக்கச் சொல்லியும் சிலர் வந்ததுண்டு. அவர்கள் தராசை அவன் அப்புறம் தொட்டதில்லை.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் கதவில் பூட்டுத் தொங்கிய வருஷம் அரி ஐ.டி.ஐ. முடித்திருந்தான். ஊர் இருக்கிறவரைக்கும் விற்கிறவனும் வாங்குகிறவனும் இருப்பான், இரண்டு பேருக்கும் நடுவில் தராசும் இருக்கும் என்று யோசித்து அந்தத் தொழிலில் இறங்கினான். யோசனை தப்பவில்லை. நாற்பத்தாறு வயதில் அவனுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறையும், தவளக்குப்பம் சந்தை வரைக்கும் பெயரும் இருந்தன.

ஊர்த் தராசையெல்லாம் அதட்டி வேலை வாங்குகிறவன், தன் வீட்டுத் தராசைப் பார்க்க மட்டும் பயந்தான். சமையலறைக்கு வெளியே மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தான். காலையில் பல் துலக்கியதும் அவன் மனைவி கார்குழலி அதன்மேல் ஏறி நிற்பாள். சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்.

"எவ்ளோ மாமா?"

"அம்பத்தி நாலு இருநூறு."

"நேத்தைக்கு எவ்ளோ?"

"கொஞ்சம் கம்மி."

அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே 'மாமா'தான். இரண்டு வருஷமாக அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஐம்பத்தொரு கிலோதான் அவளுடைய சொந்த எடை. அதற்குமேல் ஏறுவது எல்லாம் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கிய தண்ணீர். மெஷின் அதைப் பொறுமையாக நாலு மணி நேரம் உறிஞ்ச வேண்டும். கார்குழலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் படுப்பதில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆளைக் கொல்ல அது போதும்.

முதல் ஒன்றரை வருஷம் அவள் ஒழுங்காகத்தான் படுத்திருந்தாள். எதிர்க் கட்டிலில் தேங்காய்த்திட்டுப் பெண் ஒருத்தி, அதே வயசு, வாய் ஓயாமல் பேசுவாள். ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலுக்குக் கீழே வேறு யாருடைய செருப்போ கிடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, கார்குழலியும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். இரண்டாவது மணி தாண்டினால் நெஞ்சு அடைக்கிறது என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டு, "கழட்டி வுட்டுடுங்க தம்பி" என்பாள். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

தராசுக்காரனிடம் அதை மறைக்க முடியுமா? மூன்று கிலோ ஏறிப் போனவள் ஒன்றரைதான் இறங்கி வருகிறாள். மிச்சம் அடுத்த தடவைக்குச் சேர்கிறது. மாசி மாதம் ஒரு விடியற்காலையில் நுரையீரலில் தண்ணீர் கோத்து, மூச்சு விட முடியாமல், ஆட்டோவில் அவன் தோளைப் பிறாண்டிக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். நாலு நாள் கழித்து அனுப்பும்போது டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ நேரத்துக்கு வந்துட்டீங்க. அடுத்த தடவயும் வருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நாலு மணி நேரம் படுக்கச் சொல்லுங்க. எனக்கு வேற மருந்து தெரியல."

சொல்லிப் பார்த்தான். கெஞ்சினான். ஒரு தடவை கை ஓங்கி, ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். பொழுது போகட்டும் என்று போனைக் கையில் கொடுத்து அனுப்பினான். சொந்தக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் "எப்படிம்மா இருக்க?" என்றார்கள். அவள் அதை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டாள். ஒரே மகள் துர்கா ஓசூரில் வேலையில் இருந்தாள். அவளுக்குப் பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் திரும்பும்போது கார்குழலி தானாகவே பேசினாள்.

"சொல்தா வூட்டுக் கடை ஞாபகம் இருக்கா மாமா? அங்க ஒரு மணி நேரம் அஞ்சு நிமிசமாப் போவும். இங்க அஞ்சு நிமிசம் ஒரு மணி நேரமாப் போவுது."

ஞாபகம் இல்லாமலா. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா ஒருவர், மகன் பாரிசிலிருந்து கொண்டுவந்து போட்ட வீடியோ கேம் பெட்டியைத் தெருப்பக்கத்து அறையில் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டிருந்தார். கேசட்டை ஊதி ஊதிச் செருக வேண்டும். தெருப் பையன்கள் வரிசையில் நிற்க, பாவாடை சட்டையில் ஒரே ஒரு பெண். டாங்கி ஆட்டத்தில் அவளை எவனாலும் ஜெயிக்க முடியவில்லை. தோற்றவர்களில் அத்தை மகன் அரியும் ஒருவன். அந்தக் கோபத்தில்தான் கட்டிக்கொண்டான் என்று பின்னாளில் அவள் கேலி செய்வாள்.

மறுநாள் பட்டறையில் உட்கார்ந்து போனில் தேடினான். பழைய ஆட்டங்களையெல்லாம் ஆடக்கூடிய, கைக்கு அடக்கமான பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்கிறார்களாம். அதற்குள் வைக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு விற்கிறதாம், சூயிங்கம் பட்டை அளவுக்கு. பெயர் ராஸ்பெரி பை. எலக்ட்ரானிக் சாமான் கடையில் போய் "பை இருக்கா?" என்று கேட்டதற்குக் கடைப் பெண் ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினாள். விஷயத்தை விளக்கி, வரவழைத்து, கையில் வாங்கப் பத்து நாள் ஆனது. கடையில் விற்கிற ரெடிமேட் பெட்டிக்கு இரண்டு கை வேண்டும். கார்குழலியின் இடது கையில் முழங்கைக்கு மேலே இரண்டு ஊசி ஏறியிருக்கும், அசைக்கக் கூடாது. ஆகவே வலது கை ஒன்றாலேயே ஆடுகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும். உலகத்தில் அப்படி ஒன்றை யாரும் விற்கவில்லை. நாமே செய்ய வேண்டியதுதான் என்று முடிவு செய்தான்.

முப்பது வருஷம் சால்டரிங் பிடித்த கை அது. ஆனாலும் ஒவ்வொரு ஒயரையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் பற்றவைத்தான். தராசு கெட்டால் இன்னொரு தராசு. இது கெட்டால் இன்னொரு வெள்ளிக்கிழமை போய்விடும். மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றிச் செருகினான். பச்சை விளக்கு ஏழு தடவை சிமிட்டிவிட்டு நின்றது. மறுபடி போட்டான், மறுபடி ஏழு. ஏழு சிமிட்டல் என்றால் கார்டில் வேண்டிய கோப்பு இல்லை என்று அர்த்தமாம். அது தெரிய இரண்டு நாள். ஸ்கிரீன் எரிந்தது, ஆனால் வெறும் வெள்ளை. அதற்கு மூன்று நாள். பட்டன்களுக்கெல்லாம் ஒரு காலைப் பொது ஒயரிலும் இன்னொரு காலைப் போர்டின் ஊசிகளிலும் இணைத்தான். மேலே அழுத்தினால் டாங்கி கீழே போனது. அதைச் சரி செய்தால், யாரும் தொடாமலே தானாகச் சுட்டது. பொது ஒயரில் ஒரு பற்றவைப்பு ஆறிப்போய்ப் பிடிக்காமல் இருந்திருக்கிறது. மீன் கடைத் தராசில் இப்படி ஒன்றை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பவன், தன் பெட்டியில் கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல் எடுத்துக்கொண்டான்.

இதற்கிடையில் தவளக்குப்பத்திலிருந்து போன் மேல் போன். "இன்னா அரி, ரெண்டு நாளா கண்ணால பாத்து எட போட்டுக்குனு இருக்கேன்!" என்று காய்கறிக்காரர் காத்தவராயன் கத்தினார். கத்தட்டும். வீட்டுத் தராசு ஒரு நாள் ஐம்பத்தைந்தைத் தொட்டது. அன்று அவள் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவேயில்லை. அவளுக்குத் தெரியாமல் கொல்லைப்புறம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாவது வாரம் பெட்டியில் ஆட்டம் ஓடியது. பழைய தராசு ஒன்றின் டிஸ்ப்ளே கூட்டைச் செதுக்கி அதில் எல்லாவற்றையும் அடக்கியிருந்தான். வலது கட்டை விரலுக்குத் திசைப் பட்டன்கள், ஆள்காட்டி விரலுக்குப் பின்பக்கம் சுடுகிற பட்டன். கார்குழலி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆடிப் பார்க்கச் சொன்னால், "அங்க போய் ஆடிக்கிறேன்" என்றாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்றே அவன் நினைத்தான்.

டயாலிசிஸ் அறைக்குள் துணைக்கு வந்தவர்களை விட மாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஊசி ஏறியது, மெஷின் சுழன்றது. அவள் பெட்டியை வயிற்றின் மேல் வைத்து ஆட ஆரம்பித்தாள். அரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். பெட்டியின் முகம் தெரியவில்லை, அவள் முகம் தெரிந்தது. அது போதும். முதலில் ஆவல். அப்புறம் பல்லைக் கடித்தாள். பத்தே நிமிஷத்தில் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிர்க் கட்டிலைப் பார்த்துப் படுத்தாள். அன்று ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் கழட்டச் சொல்லிவிட்டாள். அதுவரை இருந்ததிலேயே குறைவு.

வீட்டுக்கு வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. வந்ததும் திறந்தான்.

"அஞ்சு வாரம்டி! அஞ்சு வாரம் தொழில வுட்டுட்டு உக்காந்து செஞ்சேன். பத்து நிமிசம் ஆட மாட்டியா? நீதான தெருவையே தோக்கடிச்சவ?"

"வரல மாமா."

"இன்னா வரல? வெரல அமுக்கறது வரலயா?"

"இந்தக் கைக்கு வரல!" என்று கார்குழலி வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எங்கம்மா அடிச்சுப் பழக்குன கை. சோறு திங்கும், திருநீறு வாங்கும், நாலு பேர் முன்னால நல்ல பேரு எடுக்கும். வேற ஒண்ணும் தெரியாது இதுக்கு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் ஊசித் தழும்புகள் புடைத்த இடது கையை மெல்லத் தூக்கினாள்.

"இதுதான் என் கை."

தராசு மேடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள். குழந்தையில் எல்லாவற்றுக்கும் இடது கைதான் முன்னே வருமாம். 'பீச்சாங்கைக்காரி' என்று பேர் வாங்கிக்கொண்டு எந்த வீட்டில் போய் வாழ்வாள் என்று அம்மா கரண்டிக் காம்பால் முட்டியிலேயே அடிப்பாளாம். அடி பொறுக்காமல் வலது கை கற்றுக்கொண்டது. கல்யாணமாகி வந்த பிறகு அத்தை இருந்தார், அதாவது அரியின் அம்மா. பரிமாறுவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர் கண் முன்னால் வலது கையால்.

"நீ வேலைக்குப் போவ, அத்த கோயிலுக்குப் போவும். அப்புறம் இந்த வூட்டுல எல்லாம் இந்தக் கைதான். காய் நறுக்குறது, கோலம் போடுறது, உன் சட்டைக்கு பட்டன் தெக்கிறது. இருவத்திரண்டு வருசம் மாமா. ஒரு நாள்கூட நீ பாக்கல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னான்னு சொல்றது? சொல்தா வூட்டுலதான் அம்மாவும் கண்டுபிடிக்க முடியல. அந்த ரிமோட்ல தெச எல்லாம் எடது கட்ட வெரலுக்குத்தான வச்சிருந்தான்? யாரும் திட்டாம இந்தக் கை முன்னால நின்னது அங்க ஒரு எடத்துலதான். அதான் ஜெயிச்சேன்."

அரிக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைக்கிற ஆபரேஷன். எந்தக் கை அதிகமாக வேலை செய்யுமோ அதை விட்டுவிட்டு மற்றக் கையில்தான் செய்வார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் நல்ல மனுஷர், ஏழை ஜனங்களுக்குப் புரியட்டும் என்று நம் வார்த்தையிலேயே கேட்டார்: "சோத்தாங்கை எதும்மா?"

அவர் கேட்டது வேலை செய்கிற கையை. வார்த்தை கேட்டது சோறு தின்கிற கையை. கார்குழலி வாயைத் திறந்து, ஒரு நொடி தயங்கினாள். அந்த நொடிக்குள் பக்கத்தில் நின்ற புருஷன் பதில் சொல்லிவிட்டான்: "வலதுதான் சார். எல்லாருக்கும் அதான?"

டாக்டர் இடது கையில் பேனாவால் கோடு போட்டார்.

"நான்தான் சொன்னேன்," என்றான் அரி. "உன் கைய நான்தான் வெட்டக் குடுத்தேன்."

"நானும் சும்மாதான இருந்தேன். அத்தன பேர் முன்னால பீச்சாங்கைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவள் அழவில்லை. "அந்தக் கட்டில்ல படுத்தா, என் கையை ஊசி குத்திப் புடிச்சு வச்சிருக்காங்க. ஓடவும் முடியல. ஒண்ணு செய்யவும் முடியல. அதான் மாமா மூச்சு அடைக்குது."

அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். அவள் உட்கார்ந்திருந்த தராசில் எண்கள் எரிந்துகொண்டிருந்தன, ஐம்பத்து மூன்று அறுநூறு. இறங்க வேண்டியதில் பாதிகூட இறங்கவில்லை. அன்று செவ்வாய். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டெக்னீஷியன் செம்மலைப் பிடித்தான். முப்பது வயசுப் பிள்ளை. கறாரானவன், ஆனால் காது கொடுத்துக் கேட்பான்.

"எடது கையில ஆடலாமா தம்பி? வெரல் மட்டும்."

"கை மடங்கக் கூடாதுண்ணே. ஊசி ஒரு நூல் நவுந்தாலும் கொழாய் வீங்கிடும், அலாரம் அடிக்கும். ரத்தம் வெளிய வந்துச்சுன்னா நீங்களும் நானும் சேர்ந்து மாட்டுவோம்."

"முழங்கை அசையாது. மணிக்கட்டும் அசையாது. கையக் கட்டில்ல நீட்டி வச்சபடியே, வெரல் நுனி மட்டும்."

செம்மல் யோசித்தான். உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தான். "வெரல் நுனி மட்டும்னா பாக்கலாமாம். முஷ்டி புடிக்கக் கூடாது, அழுத்தி அமுக்கக் கூடாது. நான் நிறுத்துன்னா நிறுத்தணும். அக்காகிட்ட சொல்லிடுங்க."

அழுத்தி அமுக்கக் கூடாது. எவ்வளவு அழுத்தினால் அழுத்தம்? அரிக்கு அப்போதுதான் தன் தொழில் கைகொடுத்தது. முதல் பெட்டியில் வைத்த பட்டன் ஒன்றைச் சின்ன நகைத் தராசின் மேல் வைத்து விரலால் அமுக்கிப் பார்த்தான். 'டிக்' என்று விழுவதற்கு நூற்றெழுபது கிராம் கேட்டது. நாலு மணி நேரம், நிமிஷத்துக்கு ஐம்பது தடவை நூற்றெழுபது கிராம். கூடவே கூடாது. பட்டறையில் உடைந்த தராசுகள் ஒரு மூலை நிறைய கிடந்தன. ஒவ்வொன்றின் ரப்பர் கீபேடையும் பிரித்து நிறுத்தான். தொண்ணூறு, எண்பது, நூற்றுப்பத்து. வைத்திக்குப்பத்து மீன் தராசு ஒன்று, பல வருஷம் ஈர விரல்கள் அமுக்கி அமுக்கித் துவண்டுபோனது, நாற்பது கிராமுக்கே இணங்கியது. பட்டறையில் தனியாக உட்கார்ந்து "அடி என் தாயே" என்று அதற்கு முத்தம் கொடுத்தான்.

அதன் நாலு பட்டன்களை அறுத்து எடுத்தான். கார்குழலியின் இடது கையை ஒரு அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டான். அதே அளவுக்கு ஒரு பலகை, அதில் நாலு விரல் நுனி எங்கே விழுகிறதோ அங்கே நாலு பட்டன். மோதிர விரலுக்கு இடம், நடு விரலுக்கு மேல், ஆள்காட்டிக்கு வலம், கட்டை விரலுக்குக் கீழ். பலகைக்கு அடியில் பஞ்சு. அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்கு. சுடுகிற பட்டன் மட்டும் வலது கைக்கு. சோத்தாங்கை சும்மா சுட்டுக்கொண்டிருக்கட்டும், வண்டி ஓட்டுகிறவள் ஓட்டட்டும். ரப்பரில் பழைய எழுத்து அழியாமல் இருந்தது. 'ஜீரோ' என்றால் மேலே போகும், பாத்திர எடையைக் கழிக்கிற 'டேர்' என்றால் கீழே.

வியாழக்கிழமை மதியம் அவள் அரை மணி நேரம் ஆடிப் பார்த்தாள். கையை நீட்டி வைத்து, அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து ஆடச் சொன்னான். தண்ணீர் சிந்தவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை, தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஐம்பத்து நாலு எழுநூறு. படி ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பதினொன்று இருபதுக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. செம்மல் பலகையை அவள் கைக்கடியில் வைத்து, மணிக்கட்டை ஒட்டுப் பட்டையால் கட்டிலோடு ஒட்டினான். அரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. எழுந்து கண்ணாடியில் பார்த்தான். அவள் முகம் தெரியாதபடி நடுவில் செம்மல் நின்றான், அவள் கையைக் குனிந்து பார்த்தபடி. ரத்தமோ? திரும்பி வந்து உட்கார்ந்தான்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே ஒரு அலாரம் கூவியது. பாய்ந்து போய்ப் பார்த்தான். பக்கத்துக் கட்டில் குஞ்சம்மாளின் மெஷின். அலாரம் அங்கே யாருக்காவது அடிப்பதுதான். பன்னிரண்டரைக்கு இன்னொன்று. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. யாரும் ஓடவில்லை, கூவல் தானாக நின்றது. பக்கத்தில் இட்லிப் பொட்டலம் வைத்திருந்த ஆள், "சாப்புடுங்க சார்" என்றார். தலையை ஆட்டினான். சாப்பிடவில்லை.

ஒரு மணி. ஒன்று ஐந்து. வழக்கமாக அவள் கூப்பிடுகிற நேரம் நெருங்கியது. கண்ணாடிப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான். போனால்தானே பார்க்க வேண்டும்.

ஒன்று பத்துக்குக் கதவு திறந்தது. செம்மல் தலையை நீட்டினான்.

"அண்ணே, அக்கா கூப்புடுறாங்க."

போச்சு. அரிக்குத் தோன்றியது அது ஒன்றுதான். எல்லாம் போச்சு. "கழட்டச் சொல்றாளா?" என்று கேட்டான். செம்மல் அதற்குள் உள்ளே போய்விட்டான்.

உள்ளே விடாத அறைக்குள் முதல் முறையாகப் போனான். மருந்து வாடை. கார்குழலியின் நெற்றி வேர்த்திருந்தது. கை நீட்டியபடியே கிடந்தது, ஊசிகள் இருந்த இடத்தில் இருந்தன. விரல் நுனிகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன, நிற்காமல். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமா."

"சொல்லு. முடியலன்னா பரவால்ல. கழட்டிடச் சொல்றேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஏன் பொலம்புற? இதுல மேல செவப்பா ஒண்ணு மின்னுது, பேட்டரி மாதிரி. இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குமா இது?"

பட்டறையில் அவன் எல்லாவற்றையும் சோதித்திருந்தான். ஒயரை இழுத்துப் பார்த்தான், பட்டனை நிறுத்துப் பார்த்தான், பெட்டியைக் கீழே போட்டுக்கூடப் பார்த்தான். பேட்டரியை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஓட்டிப் பார்த்திருந்தான். இந்த ஆறு மாதத்தில் அதற்கு மேல் அவள் எப்போது படுத்தாள், அதற்கு மேல் யோசிப்பதற்கு?

"தாங்காது," என்றான்.

"அப்புறம் இன்னாத்துக்கு நிக்கிற? போய் ஏதாவது பண்ணு. மூணு இருவதுக்குத்தான் என்னய வுடுவாங்க."

ஓடினான். மாடிப்படியில் இரண்டு பேரை இடித்து, காவலாளி அதட்டியதைக் காதில் வாங்காமல், வெயிலில் ரோட்டைக் குறுக்கே தாண்டி எதிரிலிருந்த மொபைல் கடைக்குள் போய் விழுந்தான். கடைக்காரர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, பவர் பேங்க் ஒண்ணு. சார்ஜ் இருக்கறதா குடுங்க, அவசரம்."

"இரு இரு. யாருக்கு என்னா ஆச்சு?"

அரிக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் கையைக் கழுவாமலே எழுந்து வந்தார்.

"எம் பொண்டாட்டி," என்றான். "இருக்கேன்னு சொல்லிட்டாண்ணே."